நூறு சாரமும் ஒன்றரைப் பக்கக் கடிதமும்

எனக்கு எழுத்து கைவந்தது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குக் கிடைத்த சான்றிதழை வாப்பா சட்டமிட்டுத் தறிக்கொட்டில் சுவரில் மாட்டியிருக்கிறார். நூல் வாங்க வருபவர், சாயம் கொண்டு வருபவர், மின்மானி வாசிக்க வருபவர் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். "எங்கட மகள்" என்று சொல்லும்போது வாப்பாவின் குரல் கொஞ்சம் உயரும். அதைக் கேட்க எனக்கும் ஆசைதான்.

அந்தச் சான்றிதழின் மிதப்பில் நான் எழுதிய ஒரு கடிதத்தால் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் நின்றுபோயின. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். எங்கள் வீட்டின் பின்பக்கம் நான்கு தறிகள் இருக்கின்றன. ஒன்றில் வாப்பா, ஒன்றில் உம்மா, மற்ற இரண்டில் அடுத்த ஒழுங்கைகளிலிருந்து வரும் இரண்டு மாமிமார். சாரம் நெய்வோம், சில காலங்களில் படுக்கை விரிப்பும் நெய்வோம். மாமிமாருக்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்து இறக்கும் துண்டுக்குத்தான் கூலி. தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை.

கடந்த வருடம் நோன்புப் பெருநாளைக்கு இரண்டு மாதத்துக்கு முன், கொழும்பு புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரிடமிருந்து வாப்பாவின் வட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் சாரத்தை யாரோ உடுத்திருக்கக் கண்டு, விசாரித்து, இலக்கம் எடுத்திருக்கிறார். ஸலாத்துக்குப் பிறகு அவர் கேட்டிருந்தது இவ்வளவுதான்: நூறு சாரம் வேண்டும், விலை என்ன, எப்போது கிடைக்கும்?

வாப்பா போனை என்னிடம் நீட்டினார். "மகள், நீயே வடிவா ஒரு பதில் எழுது. பெரிய இடம்."

நானும் வடிவாகத்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கிழக்கின் கடற்கரையில் அலையோசையும் தறியோசையும் கலந்தொலிக்கும் எம்மூர் என்று தொடங்கி, தலைமுறை தலைமுறையாக மேற்கொள்ளப்பட்டு வருகின்ற நெசவுக் கலையின் மாண்பைச் சொல்லி, இயந்திரத் துணிக்கும் கைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, நான்காம் பந்தியில் "மிகவும் நியாயமான விலையாகிய" என்று ஆரம்பித்து விலையைச் சொன்னேன். எப்போது கிடைக்கும் என்ற கேள்விக்குக் கடைசிப் பந்தியில் "கூடிய விரைவில் அனுப்பிவைக்க ஆவன செய்வோம்" என்று பதில். வாப்பா வாசித்தார். கண் கலங்கிப் போனார். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார் என்றார். தாளைப் படம் பிடித்து அனுப்பினோம்.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வாப்பாவே அழைத்தார். ஹாஜியார் மரியாதையாகத்தான் பேசினார். "மாஷா அல்லாஹ், நல்ல தமிழ். கடை நேரத்தில வாசிக்க ஏலாது, ராவைக்கு ஆறுதலா வாசிப்போம் என்று வச்சேன். அதுக்குள்ள இன்னொருத்தர் விலையும் திகதியும் சொல்லிட்டார். அவருக்கே கொடுத்திட்டேன். அடுத்த முறை பார்ப்போம்."

வாப்பா என்னை ஏசவில்லை. "றிஸ்க் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். ஆனால் அந்த ஓடரை நம்பி வாங்கிய நூலின் காசு நூலாகவே மூலையில் கிடந்தது. மாமிமாருக்கு வேலை இல்லாமல் போனது. அவர்களில் ஒருவர் மறுநாள் எங்கள் கிணற்றடியில் என்னைக் கண்டு கேட்டார்: "புள்ள, கொழும்புக்குக் கடுதாசி போட்டியாமே, பதில் வந்திச்சா?" பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பதற்கு அவர் அந்தக் கூலியைத்தான் எண்ணி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். "இல்ல மாமி" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதியவளுக்கு!

அந்தத் தவணையில்தான் வணிகக் கல்விப் பாடத்தில் தொடர்பாடல் என்ற அலகு வந்தது. நல்ல தொடர்பாடலுக்கு ஏழு பண்புகள் என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். தெளிவு, சுருக்கம், முழுமை, சரியான தகவல், திட்டவட்டம், மற்றவரை மதித்தல், பண்பான சொல். பரீட்சைக்காக எல்லோரும் மனனமிட்டோம். பிறகு ஆசிரியை ஒரு கதை சொன்னார். 1940ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஓகஸ்ட் 9ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சேர்ச்சில் தமது அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் தலைப்பே "சுருக்கம்" என்பதுதான். தமக்கு வரும் அறிக்கைகள் மிக நீளமாக இருக்கின்றன. முக்கியமானதைத் தேடுவதில் நேரம் வீணாகிறது. முக்கிய விடயங்களைச் சிறு பந்திகளாக எழுதுங்கள். விரிவான புள்ளிவிபரங்களைப் பின்னிணைப்பில் வையுங்கள் என்று கேட்டிருந்தார். போர் நடத்துகிறவருக்கே நீண்ட கடிதம் வாசிக்க நேரம் இல்லை என்றால், பெருநாள் வியாபாரத்தில் நிற்கும் ஒரு கடைக்காரருக்கு எங்கிருந்து வரும்?

வீட்டுக்கு வந்து என் கடிதத்தின் நகலை எடுத்து, அவர் கேட்டதற்குப் பதிலான சொற்களின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு போட்டேன். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரி தேறியது. அதிலும் திகதி இல்லை. இவ்வளவு எழுதியும் அவர் கேட்ட இரண்டில் ஒன்றுக்கு நான் பதிலே சொல்லவில்லை. நீளமாக எழுதினால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பு நமக்கே வந்துவிடுகிறது. விட்டுப்போனது கண்ணில் படுவதில்லை.

அன்றிரவு வாப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் அப்பாவின் கதையைச் சொன்னார். வாப்பாவின் வாப்பாவைத்தான் நாங்கள் அப்பா என்போம். அவர் காலத்தில் கொழும்புக்கு அவசரச் செய்தி என்றால் தந்திதான். தந்திக்குச் சொல் எண்ணிக் காசு. அப்பா தபால் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை விரல் மடித்து எண்ணி, ஒரு விரலை நிமிர்த்தி, மறுபடி எண்ணி, பிறகுதான் எழுந்து போவாராம். அவர் வைத்திருந்த தாள்கள் எல்லாம் 2004 சுனாமியில் வீட்டோடு போய்விட்டன. ஆனால் ஒரு தந்தியை வாப்பா அப்படியே சொன்னார்: "அறுபது சாரம் வியாழன் மட்டக்களப்பு ரயிலில் அனுப்பினேன்." ஆறு சொல். எது, எத்தனை, எப்போது, எப்படி எல்லாம் அதற்குள் இருந்தன. தாள் கடலோடு போன பிறகும் அது ஞாபகத்தில் இருக்கிறது. என் கடிதத்தில் ஒரு வரியாவது வாப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இனிமேல் சுருக்கம்தான் என்று முடிவெடுத்தேன். அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் அதே ஹாஜியார், சொன்ன சொல் மாறாமல், எண்பது சாரம் கேட்டு எழுதினார். நான் அப்பாவை நினைத்துக்கொண்டு, விரல் மடித்து எண்ணி, ஒரு நிமிடத்தில் பதில் போட்டேன்: "80 சாரம் உண்டு. 1,850. மே 20." அனுப்பிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. அவரும் "சரி" என்று ஒரு சொல்லில் பதில் போட்டார்.

மே 20ஆம் திகதி பகல் வாப்பாவின் போன் அடித்தது. "சாமான் எங்கே?" அந்த நேரம் எங்கள் சாரங்கள் அப்போதுதான் லொறியில் ஏறிக்கொண்டிருந்தன. நான் எழுதிய 20 அனுப்புகிற நாள். அவர் விளங்கிக்கொண்ட 20 கடைக்கு வந்து சேரும் நாள். 1,850 என்றதில் லொறிக் கூலியும் அடங்கும் என்று அவர் நினைத்திருந்தார். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. யார் பக்கம் சரி என்று பேச என் செய்தியில் ஒன்றுமே இல்லை. வாப்பா கூலியைத் தானே ஏற்றுக்கொண்டார். கடைசியில் ஹாஜியார் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாராம்: "மகளுக்கு என்னோட ஏதும் கோவமா? ஒரு ஸலாம்கூட இல்லையே."

முதல் கடிதம் நீளத்தால் கெட்டது, இரண்டாவது குட்டையால் கெட்டது. அந்த வருத்தத்தில் நான் இஷாவுக்குப் பிறகும் பேசாமல் இருந்தேன். வாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குர்ஆனில ஆக நீளமான ஆயத்து எது மகள்?"

"பகரா சூராவில 282."

"அது என்னத்தைப் பத்தி?"

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மத்ரஸாவில் பொருளோடு படித்ததுதான். ஆனால் அந்தக் கணம் வரை என் வாழ்க்கையோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றிய ஆயத்து அது. சிறிதோ பெரிதோ சலிக்காமல் எழுத வேண்டும், தவணையோடு எழுத வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறது. பின்னால் சந்தேகம் வராமல் இருக்கத்தான் இத்தனையும்.

"அப்பாவின் தந்தி சின்னதுதான்" என்றார் வாப்பா. "ஆனா அதை வாசிச்ச ஆள் திரும்பக் கேட்க ஒண்டும் இருக்கயில்ல. நீ சொல்லைக் குறைச்சாய். கேள்வியைக் குறைக்கயில்ல."

அதன் பிறகுதான் கரும்பலகையில் ஆசிரியை எழுதிய ஏழில் சுருக்கமும் முழுமையும் அடுத்தடுத்து இருந்ததை நினைத்துப் பார்த்தேன். இரண்டையும் தனித்தனியே மனனமிட்டு, தனித்தனியே புள்ளி வாங்கியிருக்கிறேன். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்று விளங்கவில்லை. வாசிப்பவர் தாண்டிப் போகிற சொல் ஒன்றும் இருக்கக் கூடாது. அவர் திரும்பக் கேட்க வேண்டிய விடயம் ஒன்றும் விடுபடக் கூடாது. நான் இப்போது சுருக்கம் என்று சொல்வது இதைத்தான். டொயோட்டா நிறுவனத்தில் ஒரு பிரச்சினை, அதன் காரணம், தீர்வு எல்லாவற்றையும் ஒரே ஏ3 தாளில் எழுதும் வழக்கம் உண்டு என்று பிறகு படித்தேன். ஒரு தாள் என்பது எல்லை. அந்த எல்லைக்குள் எல்லாமே இருக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

அதிலிருந்து வாப்பாவின் வியாபாரச் செய்திகளை எழுதுவதற்கு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். எழுத முன் மூன்று கேள்வி கேட்பேன். அவர் என்ன கேட்டார்? என் பதிலைப் பார்த்ததும் அடுத்து என்ன கேட்பார்? வாசித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதிலை முதலில் எழுதுவேன். பிறகு சத்தமாக வாசித்து வெட்டுவேன். நம்முடைய எழுத்துத் தமிழில் வெட்டுவதற்கு நிறைய இருக்கிறது. "தங்களுக்கு அறியத்தந்துகொள்ள விரும்புகின்றோம்" என்பதற்கு "அறியத்தருகிறோம்" போதும். "அனுப்பிவைக்கும் நடவடிக்கைகளை மேற்கொள்வோம்" என்றால் "அனுப்புவோம்" என்றுதான் அர்த்தம். "கூடிய விரைவில்" என்று எழுதக் கை போனால் நிறுத்தி, வாப்பாவிடம் திகதி கேட்பேன். பல நேரம் அந்தக் கேள்வியால்தான் வாப்பாவும் தறியைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஒரு திகதிக்கு வருவார்.

வெட்டக் கூடாத ஒன்றையும் கற்றுக்கொண்டேன். ஸலாமும் ஒரு வரி சுகம் விசாரிப்பும் நம் ஊர்களில் அலங்காரம் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பவரை நாமே ஒரு மாதிரிப் பார்ப்போமே! தந்தியில் சொல்லுக்குக் காசு, அதனால் அப்பா ஸலாத்தை விட்டிருக்கலாம். நான் எதை மிச்சம் பிடிக்க விட்டேன்?

எழுத்தில் பழகியதைப் பேச்சில் பழகும் நாளும் வந்தது. நூல் வாங்க மூன்று இலட்சம் ரூபா கடன் கேட்டு வாப்பா வங்கிக்குப் போனார். பாடசாலை விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனார். முகாமையாளரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாப்பா அப்பாவின் காலத்திலிருந்து ஆரம்பித்தார். பிறகு சுனாமி. கடல் வந்தது, தறிகள் போனது. எனக்குத் தெரியும், அது வாப்பாவின் நெஞ்சிலிருந்து வருகிற கதை. ஆனால் முகாமையாளரின் கண் ஒருமுறை கடிகாரத்துக்கும் ஒருமுறை வெளியே நிற்கும் வரிசைக்கும் போய் வந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எதற்காக வந்திருக்கிறோம் என்று நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை.

நான் குறுக்கே பேசவில்லை. அது எனக்கு வழக்கமும் இல்லை. வாப்பாவே நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்து, "மகள், நீ சொல்லு" என்றார்.

என் கை நடுங்கியது. முதல் நாள் இரவு தாளில் எழுதியதைத் தாள் பார்க்காமல் சொன்னேன். "நான்கு தறிக்கு நூல் வாங்க மூன்று இலட்சம் ரூபா வேண்டும். பெருநாள் ஓடர்களுக்கு முன் நூல் கையில் இருந்தால் நான்கு தறியும் நிற்காமல் ஓடும். பன்னிரண்டு மாதத்தில் திருப்பித் தருவோம். இரண்டு வருட வரவு செலவுக் கணக்கு இதில் இருக்கிறது." கொப்பியை மேசையில் வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

முகாமையாளர் பேனையைக் கீழே வைத்தார். கொப்பியைப் புரட்டினார். சில கேள்விகள் கேட்டார், வாப்பா பதில் சொன்னார். பிறகு அவராகவே நிமிர்ந்து, "சுனாமியில எல்லாம் போனதென்று சொன்னீங்களே, திரும்ப எப்படித் தறி போட்டீங்க?" என்று கேட்டார்.

வாப்பா சொன்னார். முகாமையாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். சுருக்கமாகப் பேசினால் நம் கதையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பயந்திருந்தேன். வாப்பாவின் கதையை வெட்டிவிட்டேனோ என்று அந்த அரை நிமிடத்திலும் மனம் குத்தியது. கேட்க வேண்டியதை முதலில் சொன்னதால்தான் அந்தக் கதைக்கு ஓர் இடம் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது வாப்பாவிடம், "நான் பேசினதில உங்களுக்கு மனவருத்தமா?" என்று கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே, "அப்பா கந்தோர் வாங்கில விரல் மடிச்ச மாதிரி இருந்திச்சு" என்றார். கடன் சில வாரங்களில் கிடைத்தது.

இந்த வருடப் பெருநாளைக்கு ஹாஜியார் நூற்றைம்பது சாரம் கேட்டார். நான் அனுப்பிய பதில் இது:

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க துஆ. 150 சாரமும் தருவோம். ஒன்று 1,850 ரூபா, மொத்தம் 277,500 ரூபா. லொறிக் கூலி உங்கள் பொறுப்பு. மார்ச் 5, வியாழன் காலை உங்கள் கடைக்கு வந்து சேரும். பாதிப் பணம் 138,750 ரூபா முற்பணமாக வேண்டும். கிடைத்த அன்றே பாவு போடுவோம். சம்மதம் என்றால் நிறங்களை மட்டும் சொல்லுங்கள்."

பத்து நிமிடத்தில் நிறங்கள் வந்தன. மாலையில் முற்பணம் வந்தது.

பழைய ஒன்றரைப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அதிலிருந்து மூன்று வரி எடுத்து, ஊரின் பெயரோடு சிறு சீட்டாக அச்சடித்து, ஒவ்வொரு சாரத்தின் மடிப்பிலும் வைத்தோம். கடையில் துணி பார்க்க வருபவருக்கு அதை வாசிக்க நேரம் இருக்கும். என் தமிழ் தவறிப்போகவில்லை. தவறான நேரத்தில், தவறான மேசைக்குப் போயிருந்தது.

தோழியரே, நாளை நாம் வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோம், நேர்முகத் தேர்வில் உட்காருவோம், கடையோ கந்தோரோ நடத்துவோம். அழகாக எழுதக் கற்ற நமக்கு, நிறுத்தக் கற்பதுதான் கஷ்டமாக இருக்கும். எழுதி முடித்ததும் அதை வாசிக்கப் போகிறவரின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கும் கடை இருக்கிறது, வரிசை இருக்கிறது, வீட்டில் காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவருடைய நேரத்தை மதிப்பதும் ஒரு அமானிதம்தான்.

நிறங்கள் வந்த அன்று மாலை கிணற்றடியில் அதே மாமி நின்றார். "புள்ள, கொழும்பில இருந்து பதில் வந்திச்சா?"

"வந்திச்சு மாமி. நூற்றைம்பது. நாளைக்குக் காலையில வாங்க."

மாமி வேறொன்றும் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.